வாயில் துணி, காதில் மிஷின்

நுர்யாக்தி தன் இரண்டு காது மிஷின்களையும் கழற்றிக் கற்கண்டுக் கிண்ணத்துக்குள் போட்ட பிறகுதான் காலைத் தேநீரில் வாய் வைத்தார். மிஷினை மாட்டிக்கொண்டு தேநீர் குடிக்க அவரால் முடியவில்லை. உறிஞ்சினால் மண்டைக்குள் மடை திறக்கிறது. சோரெக் ரொட்டியின் காய்ந்த ஓரத்தைக் கடித்தால், பக்கத்து வீட்டுச் சுவரை யாரோ இடிக்கிறார்கள் என்று எழுந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நேற்று அப்படித்தான் எழுந்து பார்த்தார். அதற்குப் பீபி சிரித்த சிரிப்பு இன்னும் பெரிய சத்தமாக இருந்தது.

"எடுத்து மாட்டுங்க!" என்று கத்தினாள் பீபி. "கற்கண்டுக்கா காது கேக்கணும்?"

"ஆங்?"

"கற்கண்டுக்கா காது கேக்கணும்னேன்!"

"மாட்டுனாலும் கத்துற, கழட்டுனாலும் கத்துற. பெறகு நான் எதுக்கு மாட்டணும்?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. புருஷனுக்குக் காது மங்க ஆரம்பித்த நாளிலிருந்து கத்திக் கத்தியே பேசிப் பழகியவள் பீபி. கோழியைக் கூப்பிட்டாலும் கத்தல், தொழுகையில் உட்கார்ந்தாலும் கத்தல். மிஷின் வந்துவிட்டது, இனி மெதுவாகப் பேசலாம் என்று மகன் மெர்தான் சொல்லிவிட்டுப் போனான். தொண்டை கேட்டால்தானே?

அவள் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கம்பளத்தில் உட்கார்ந்திருந்தாள். நீட்டிய காலின் முட்டி பரங்கிக்காயாக வீங்கிக் கிடந்தது. அவரவர் தேநீர்க் கெண்டி அவரவர் முன்னால் இருக்க, அவளுடைய கெண்டி மட்டும் கை எட்டாத தூரத்தில் இருந்தது. எழுந்து எடுக்க முடியாமல், கேட்கவும் மனமில்லாமல், அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த முட்டிக்கு அறுவைச் சிகிச்சை செய்யத் தலைநகர் அஷ்காபாத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள். பருத்தி எடுப்பு முடிந்ததும் வந்து படுக்க வேண்டும். போன வருஷமும் நாள் கொடுத்தார்கள், அவள் போகவில்லை. இந்தத் தடவையும் போகாவிட்டால் இனிமேல் வராதே என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்.

அவள் போகாததற்குக் காரணம் பயமில்லை. அந்தக் காரணம் இப்போது ரொட்டிக் கட்டைச் சுமந்துகொண்டு அறைக்குள் வந்தது.

மருமகள் தூமார் தந்தூர் அடுப்புச் சூடு மாறாத ரொட்டிகளைத் துணியோடு இறக்கி வைத்தாள். தலையில் கட்டிய சிவப்புத் துணியின் ஒரு முனை அவள் பல்லுக்கிடையில் இருந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. மாமனார் இருக்கும் இடத்தில் மருமகள் வாய்த்துணியைக் கடித்துக்கொள்ள வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், பேச வேண்டியதை மாமியாரிடம், அவள் இல்லாவிட்டால் மட்டும் துணிக்குள்ளேயே மாமனாரிடம், முணுமுணுக்க வேண்டும். அதற்கு யாஷ்மக் என்று பெயர். அந்தத் தெருவில் எந்த வீட்டு மருமகளும் அப்படித்தான், அதனால் யாருக்கும் அது கண்ணில் படுவதில்லை. தூமார் பீபியின் கெண்டியை அவள் கைக்கு நகர்த்தி வைத்துவிட்டு, துணிக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்றார் நுர்யாக்தி.

"கன்னுக்குட்டி கட்ட அவுத்துக்கிட்டுப் பாலக் குடிச்சிருச்சாம். இன்னிக்கு மோரில்ல."

"அத அவ எங்கிட்டயே சொன்னா என்ன?"

"சொல்லத்தான் சொன்னா. நீங்க கிண்ணத்துல காத ஊறப்போட்டுட்டு உக்காந்திருக்கீங்க!" பீபிக்கு மூச்சு வாங்கியது. "ஒருத்தருக்குக் கேக்காது. ஒருத்தி பேச மாட்டா. உங்க ரெண்டு பேரையும் ஒரு வீட்டுல போட்டுப் பூட்டிட்டு நான் எப்படிங்க போய்ப் படுக்கட்டும்? போன குளிர்காலத்துல நடந்தது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. மெர்தான் பாலைவனத்துக்குள் எரிவாயு எடுக்கும் இடத்தில் வேலைக்குப் போயிருந்தான். பீபி ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தாள். சமையலறையில் அடுப்புக் குழாய் தீப்பிடித்துக்கொண்டது. தூமார் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாமனாரின் அறை வாசலில் வந்து நின்று கதவைத் தட்டினாள், துணிக்குள் என்னென்னவோ சொன்னாள். நுர்யாக்தி அந்தப் பக்கம் திரும்பி டிவியில் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் அவர் தோளைத் தொட்டு உலுக்க மருமகளுக்கு எங்கே தைரியம்? புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரன் சுவரேறிக் குதித்து அணைத்தான். திரைச்சீலையோடு போயிற்று. ஆனால் சட்டியில் இருக்கிற சூப்பு ஒரு நாள் கொட்டினால் மறுநாளும் கொட்டும் என்பது பீபியின் கட்சி. அவர் காதில் தூமார் சொல்வது விழுகிற நாளில்தான் அஷ்காபாத்துக்கு வண்டி ஏறுவேன் என்று சொல்லிவிட்டாள்.

அதற்காகத்தான் மெர்தான் மிஷின் வாங்கித் தந்தான். அதைத்தான் கிழவர் கற்கண்டோடு போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

நுர்யாக்தியின் காதைக் கெடுத்தது வயசில்லை. பெரிய கால்வாயில் தூர் வாரும் மிதவை எந்திரத்தில் காலமெல்லாம் வேலை செய்தவர் அவர். பாலைவனக் காற்று ராத்திரி முழுக்க மணலைக் கொண்டுவந்து கால்வாயில் கொட்டும், பகல் முழுக்க இவர்கள் அதை வாரி வெளியே கொட்டுவார்கள். காற்றுக்கும் சலிக்கவில்லை, இவர்களுக்கும் சலிக்கவில்லை. எந்திர அறைக்குள் பேச்சே கிடையாது, கை ஜாடைதான். அத்தனை இரைச்சலுக்கும் மேலே குரலைக் கொண்டுபோகத் தெரிந்தவன் ஒருவனோ இருவரோதான் எப்போதும் இருப்பார்கள். அவர்களைத்தான் கரைக்கும் மிதவைக்கும் இடையில் நிறுத்துவார்கள். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது எந்திரத்தைக் கரையில் விட்டுவிட்டு அதன் இரைச்சலை மட்டும் அவர் தலைக்குள் கொண்டுவந்திருந்தார்.

தெஜென் நகரத்தில் மிஷின் பொருத்தும் இடத்தில் இருந்தவன் பெக்மிராத் என்ற இளைஞன். கெட்டிக்காரன், பொறுமைசாலி. முதல் நாளே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னான்.

"தாத்தா, ஊர்ல இருக்கிற எல்லாச் சத்தத்தையும் ஒரே நாள்ல கேக்க வைக்க முடியாது. உங்களுக்கு எந்தக் குரல் முக்கியம்னு சொல்லுங்க. அந்த ஆளக் கூட்டிட்டு வாங்க. அவங்க வீட்டுல பேசுற மாதிரியே இங்க பேசட்டும். அதுக்குத் தகுந்தாப்ல நான் கூட்டிக் குறைச்சு வைக்கிறேன்."

பீபி உடனே தூமாரை முன்னால் தள்ளினாள். "இவதான். இவ சொல்றது கேட்டாப் போதும். நான் சொல்றது பக்கத்து ஊருக்கே கேக்கும்."

"நல்லது. உதட்டப் பாத்து அவர் கண்டுபிடிச்சிரக் கூடாது. அக்கா, நீங்க அவருக்குப் பின்னால உக்காந்துக்கோங்க."

தூமாருக்கு அது வசதியாகப் போயிற்று. மாமனாரின் முதுகுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துணி முனையைக் கடித்தபடி உட்கார்ந்தாள். வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள். அதைத்தானே கேட்டான்?

"ம்ம்ஹ்ம் ஊம்ம்," என்றது பின்பக்கம்.

"என்ன கேட்டுது தாத்தா?"

"காத்தடிக்குது."

பெக்மிராத் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே ஒரு படி கூட்டினான். மறுபடி பேசச் சொன்னான். மறுபடி கூட்டினான். கடைசியில் நுர்யாக்தி, "ரொட்டி... ரொட்டின்னு என்னமோ சொல்றா," என்றதும் அவனுக்குச் சந்தோஷம். அவன் ஒரு தடவைகூடத் திரும்பித் தூமாரைப் பார்க்கவில்லை. பிற வீட்டு மருமகளை முறைத்துப் பார்க்காமல் இருப்பது மரியாதை. பார்த்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் தோன்றியிருக்காது. அவன் அம்மா அப்படித்தான் பேசினாள், அவன் பெண்டாட்டி அவன் அப்பா முன்னால் அப்படித்தான் பேசுகிறாள். பெண்கள் என்றால் கொஞ்சம் மெதுவாகப் பேசுவார்கள், அவ்வளவுதான்.

"மூளை சத்தத்த மறந்து போயிருக்கும் தாத்தா. பழகணும். கழட்டாம போட்டுக்கிட்டே இருங்க."

பழகுவதாவது! ஒரு பெண்ணின் முணுமுணுப்புக்குத் தகுந்தாற்போலக் கூட்டி வைத்த மிஷினைப் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்ததும் கீல் அலறியது. ஃப்ரிட்ஜ் உறுமியது, அது உறுமும் என்பதே அவருக்குத் தெரியாது. பேத்தி பிளாஸ்டிக் பையைக் கசக்கினால் பல் கூசியது. திராட்சைப் பந்தலில் அடைகிற குருவிகளைப் பார்த்து, "இதுக எப்போதிருந்து இப்படிக் கத்துது?" என்று கேட்டார். பீபி பாத்திரம் கழுவினால் தோட்டத்துக்கு ஓடினார். தன் குரலே யாரோ பீப்பாய்க்குள் இருந்து பேசுவதுபோல் கேட்டது. ஆனால் தூமார் பக்கத்தில் வந்து நின்று ஏதாவது சொன்னால் அது மட்டும் பழையபடி காற்றாகவே இருந்தது. நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை தட்டுப்பட்டால் அதிர்ஷ்டம். ஊர்ச் சத்தம் அத்தனையும் வீட்டுக்குள் வந்துவிட்டது, வர வேண்டிய ஒன்றைத் தவிர.

போதாக்குறைக்கு விசில்.

நுர்யாக்தி ஆட்டுரோமத் தொப்பி இல்லாமல் வாசல் தாண்டமாட்டார். கறுத்த, சுருள் சுருளான, கூடை அளவுத் தொப்பி அது. அவர் அப்பாவும் தாத்தாவும் போட்டது. காது வரை இழுத்துவிட்டுத்தான் போடுவார். இழுத்துவிட்டால் மிஷின் கிரீச்சென்று விசிலடிக்கும். மெர்தானுக்குப் போன் போட்டுச் சொன்னால், "தொப்பியக் கழட்டுங்கப்பா," என்றான். "நாளைக்குக் கால்சட்டையக் கழட்டச் சொல்லுவியா?" என்று போனை வைத்தார்.

அந்த விசில் அவரை ஊர் நடுவில் வைத்து அவமானப்படுத்தியது. தெருக்கோடியில் ஒரு நேர்த்திக்கடன் விருந்து. பெரிய சட்டியில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது, ஆண்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்து சூட்டோடு ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய மிதவைக் கூட்டாளி ஒருவன் ஓடி வந்து கட்டிப்பிடித்தான். கட்டிப்பிடித்த உடனே கிரீச். ஆளாளுக்குப் பையில் கையை விட்டுப் போனை எடுத்துப் பார்த்தார்கள். அடுத்தவன் வந்து கட்டிப்பிடித்தான், மறுபடி கிரீச்.

"பெரியவரு தொப்பிக்குள்ள குருவி வளக்காராப்பா?" என்றான் ஒருவன்.

"முட்டை போட்டா எனக்கு ரெண்டு குடுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு நாற்பது வாய்கள் ஒரே நேரத்தில் பேசியதில் ஒரு வார்த்தைகூடப் பிரியவில்லை. தட்டும் கரண்டியும் கத்தியும் சிரிப்பும் ஒரே கூழாகத் தலைக்குள் ஊற்றியது. கறி வருவதற்கு முன்பே அவர் எழுந்து வந்துவிட்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அன்றைக்கு அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் செவிடனாக இருந்தபோது வராத அழுகை.

மறுபடி தெஜெனுக்குப் போனார்கள். பெக்மிராத் தொப்பியைக் கழற்றச் சொன்னான்.

"ஏன், முடி வெட்டப் போறியா?"

"மைக்கு மேல ரோமம் உரசுது தாத்தா. மூடுனா விசில் வரும்."

"மருமக உக்காந்திருக்கா. அவ முன்னால மொட்டைத் தலையோட உக்காரச் சொல்றியா? உங்கப்பன் உக்காருவானா?"

அவன் அப்பாவும் உட்காரமாட்டார். நுர்யாக்தி தொப்பியைக் காதுக்கு மேலே ஒரு விரற்கடை தூக்கிவிட்டுக்கொண்டார், அதுவே பெரிய விட்டுக்கொடுத்தல். தூமார் பின்னால் உட்கார்ந்து முணுமுணுத்தாள். அவருக்குக் கேட்கவில்லை. அவன் கூட்டினான். இன்னும் கேட்கவில்லை. இன்னும் கூட்டினான்.

"வீட்டுல சத்தம் தாங்கலடா தம்பி," என்றார் நுர்யாக்தி. "கரண்டி விழுந்தா உசிரு போகுது. நீ என்னடான்னா கூட்டிக்கிட்டே போற."

"அக்கா பேசுறது கேக்கலைன்னா கூட்டித்தானே ஆகணும் தாத்தா? நீங்கதானே அவங்க குரல்தான் முக்கியம்னு சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப பொறுத்துக்கோங்க."

வெளியே வந்ததும் பீபி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முட்டி அவளைத் தாங்கவில்லை. "விடுங்க," என்றாள். "எனக்கு இந்தக் காலே போதும். இழுத்துக்கிட்டே சாகுறேன். டாக்டரம்மாவுக்குச் சொல்லியனுப்பிருங்க." அவள் இதைக் கத்திச் சொல்லவில்லை என்பதைத் தூமார் மட்டும் கவனித்தாள். நுர்யாக்தி, "ஆங்?" என்றார். பீபி தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

பருத்தி லாரிகள் கடைசிச் சுமையோடு போக ஆரம்பித்திருந்தன. ரோட்டோரப் புதர்களிலெல்லாம் பஞ்சு ஒட்டிக்கிடந்தது. ஒரு பின்மதியம் நுர்யாக்தி வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் மடையை மண்வெட்டியால் அடைத்துக்கொண்டிருந்தார். மிஷின் காதில் இருந்தது. தண்ணீர்ச் சத்தம், மண்வெட்டிச் சத்தம், மரவட்டை ஊர்ந்தால்கூடக் கேட்டுவிடும் போலிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் தூமார் தந்தூரில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நாணல் வேலி, அவர் இருப்பது அவளுக்குத் தெரியாது.

மாடு கட்டை அறுத்துக்கொண்டு குதிரைமசால் வயலுக்குள் இறங்கிவிட்டது. ஈரத்தோடு இருக்கிற குதிரைமசாலை வயிறு முட்டத் தின்றால் மாடு உப்பிச் செத்துப்போகும். நுர்யாக்தியின் கண்ணில் அது படுவதற்குள்—

"ஏய்ய்ய்!"

அவர் மண்டைக்குள் வெடி வெடித்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு இரண்டு காதிலிருந்தும் மிஷினைப் பிடுங்கி எடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எந்திரம்தான் ஏதோ வெடித்துவிட்டது என்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அப்போது, காதில் ஒன்றுமே இல்லாதபோது, வார்த்தை வார்த்தையாகக் கேட்டது.

"வா வெளிய! வாடிங்கறேன்! கொள்ளையில போறவளே, உனக்கும் காது கேக்காதா? இந்த வீட்டுல ஒண்ணுக்குமே காது கேக்காதா?"

நுர்யாக்தி வேலி இடுக்கில் பார்த்தார். அவருடைய மருமகள் மாவுக் கையோடு வயல் நடுவில் நின்றிருந்தாள். வாய்த்துணி காற்றில் பறந்துகொண்டிருந்தது. கையிலிருந்த ரொட்டிக் குச்சியை ஓங்கிக்கொண்டு அவள் மறுபடி ஒரு சத்தம் போட்டாள், வார்த்தை இல்லாத, நீளமான சத்தம். மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் மந்தையைக் கூப்பிடுகிற குரல் அது. அவள் பாலைவனத்து இடையன் வீட்டுப் பெண் என்பது பெண் கேட்டுப் போனபோது அவருக்குச் சொன்னதுதான். மாடு தலையைத் தூக்கி, ஒரு நிமிஷம் யோசித்து, வீட்டைப் பார்த்து நடந்தது. அவள் பின்னாலேயே திட்டிக்கொண்டு போனாள். இப்படி ஒருத்தி மிதவையில் இருந்திருந்தால் கரைக்கு ஓடி ஓடிச் செய்தி சொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

அவர் வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டார். மடை உடைந்து தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, அடைக்கத் தோன்றவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. இப்படிக் குரல் வைத்துக்கொண்டா இத்தனை நாள் நம்மை அலைய விட்டாள்? பிறகு அந்தக் கோபம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. அவளை வாயை மூடச் சொன்னது யார்? யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு அது பழக்கம். மிஷின்காரப் பையன் வீட்டில் பேசுகிற மாதிரி பேசு என்றான், பாவம், அவள் பேசினாள். குடத்தை மூடி வைத்துவிட்டு, தண்ணீர் வரவில்லை, வரவில்லை என்று இன்னும் இன்னும் சாய்த்துக்கொண்டிருந்தது இவர்கள்தான். சாய்த்த சாய்ப்பில் தலைமேலெல்லாம் கொட்டியது.

ராத்திரிச் சாப்பாட்டில் அவர் பீபியிடம், "நாளைக்கு டவுனுக்குப் போறோம். மூணு பேரும்," என்று மட்டும் சொன்னார்.

"எதுக்கு? இன்னும் கூட்டவா?"

"நீ வா."

பெக்மிராத் அவர்களைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டான். ஒயரை மாட்டினான், திரையைத் திறந்தான். "அக்கா, வழக்கம்போலப் பின்னால உக்காருங்க."

"வேணாம்," என்றார் நுர்யாக்தி. "முன்னால உக்காரட்டும்."

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மருமகளை நேராகப் பார்த்து, மிதவையில் ஆட்களுக்கு உத்தரவு போடுகிற குரலில் சொன்னார்.

"தூமாரு. வாய்த்துணிய எடும்மா. நான் சொல்றேன். மந்தையில அந்தச் செம்மூஞ்சி ஆடு இன்னையிலேந்து உன்னுது, குட்டியோட."

மாமனாரே துணியை எடுக்கச் சொல்வதும், சொன்னால் ஓர் ஆடாவது கொடுப்பதும் உண்டுதான். ஆனால் அதற்கு நாள் பார்த்து, நாலு பேரைக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டுச் செய்வார்கள். கம்ப்யூட்டர் ஒயர் காதில் தொங்க யாரும் செய்ததில்லை. பெக்மிராத் அப்போதுதான் திரையிலிருந்து தலையைத் திருப்பினான். சிவப்புத் துணியை, அதைக் கடித்திருந்த பல்லை, நன்றாகப் பார்த்தான். அவன் முகம் போன போக்கு பார்க்கச் சகிக்கவில்லை.

"அல்லா!" என்றான். "துணிக்குள்ள இருந்தா பேசிட்டிருந்தீங்க இவ்வளவு நாளும்?"

தூமார் துணியை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை போலிருந்தது. கண் தரையில் இருந்தது, தாடை இறுகியிருந்தது. ஆறு வருஷமாகக் கடித்ததை ஓர் ஆட்டுக்காகச் சட்டென்று விட்டுவிட முடியுமா? நுர்யாக்தி காத்திருந்தார். பெக்மிராத் காத்திருந்தான்.

பீபிதான் எழுந்தாள். சுவரைப் பிடித்து, காலை இழுத்து, இரண்டு எட்டு வைத்து, மருமகள் பக்கத்தில் போய் நின்றாள். கையை நீட்டி, துணி முனையைப் பல்லிலிருந்து மெதுவாக உருவினாள். அது ஈரமாகக் கசங்கிக் கிடந்தது.

"பேசுடி," என்றாள். "நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

தூமார் தலையைத் தூக்கினாள். வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு வயலில் கேட்ட குரல் இல்லை, பழைய முணுமுணுப்பும் இல்லை, நடுவில் ஒரு குரல் வந்தது.

"மாமா, மொதல்ல அந்தத் தொப்பியக் கழட்டுங்க."

"ஆங்?" என்றார் நுர்யாக்தி. பழக்கம்தான். அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"தொப்பிய. மிஷின் வந்த அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன். அது உரசித்தான் விசிலடிக்குது. விருந்துலேந்து நீங்க பட்டினியா திரும்பி வந்தீங்களே, அன்னிக்கு ரோமத்தக் கத்தரிச்சு விடலாமான்னுகூட நெனச்சேன். கைக்குத் துணிவில்ல."

பெக்மிராத் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நுர்யாக்தியின் கை தொப்பிக்குப் போயிற்று, அங்கேயே நின்றது. மருமகள் முன்னால் அவர் வெறும் தலையோடு இருந்ததே இல்லை. அவள் வெறும் வாயோடு இருந்ததில்லை என்பதும் அப்போது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கழற்றினார். வெயில் பட்ட முகத்துக்கு மேலே, பனங்கிழங்காய் வெளுத்த மண்டை. தூமார் சிரிப்பை அடக்கப் பழைய இடத்தில் துணியைத் தேடினாள், அது மாமியார் கையில் இருந்தது.

அதற்குப் பிறகு வேலை சீக்கிரம் நடந்தது. தூமார் பேசினாள், பெக்மிராத் குறைத்தான். மாட்டைப் பற்றி, தீர்ந்துபோன மாவைப் பற்றி, அடுப்புக் குழாயை இன்னும் மாற்றாததைப் பற்றிப் பேசினாள். கடைசியில் சொன்னதை அவள் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள். அவன் இன்னும் குறைத்தான். ஃப்ரிட்ஜ் உறுமல் மாதிரி இருந்த மின்விசிறிச் சத்தம் எங்கோ விலகிப்போயிற்று. பேனா மேசையில் விழுந்தது பேனா விழுந்த அளவுக்கே கேட்டது.

"இவ்வளவுதானா?" என்றார் நுர்யாக்தி. அவருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"இவ்வளவுதான் தாத்தா," என்றான் பெக்மிராத். இத்தனை நாள் கூட்டிக்கொண்டே போன அவனுக்கும் பெருமை ஒரு படி குறைந்துபோயிருந்தது.

திரும்பும்போது வாடகைக் காரில் தூமார் முன்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் டிரைவரோடு குதிரைமசால் விலை பேசிக்கொண்டு வந்தாள். அடக்கி வைத்த பேச்சுக்கு ஆள் கிடைத்துவிட்டது. பின்சீட்டில் பீபி காலை நீட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். இருபுறமும் பருத்தி எடுத்து முடிந்த வயல்கள் காய்ந்த குச்சிகளாக ஓடின. ஆஸ்பத்திரிக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று யோசிப்பவள் மாதிரி இருந்தாள். நுர்யாக்தி தொப்பியை மடியில் வைத்திருந்தார்.

பீபி ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள். அவரிடம் இல்லை, வயலிடம். அவருக்குக் கேட்காது என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் பேசுகிற தணிந்த குரல். அவள் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"எங்கிட்ட யாரும் துணிய எடுக்கச் சொல்லல. உங்கப்பா செத்த அன்னிக்கு ஒப்பாரி வைக்கணுமேன்னுதான் நான் வாயிலேந்து எடுத்தேன். பல்லுகூட அந்தப் பக்கம் தேஞ்சிருச்சு. ஒரு ஆடும் வரல."

கார் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. பீபி காத்திருந்தாள். இந்த இடத்தில் எப்போதும் ஓர் 'ஆங்?' வரும். வந்தால், ஒண்ணுமில்ல என்று சொல்லிவிடுவாள். அப்படித்தான் பதினைந்து வருஷமாக எத்தனையோ விஷயம் ஒண்ணுமில்லாமல் போயிருந்தது.

வரவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். நுர்யாக்தி வெறும் தலையோடு உட்கார்ந்து, தொப்பியின் சுருள் ரோமத்தை ஒவ்வொன்றாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு."

பீபி அவர் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு குரலைத் தூக்கினாள், கார் முழுக்க, டிரைவர் திடுக்கிட்டு பிரேக்கில் கால் வைக்கும்படி.

"கேட்டா மட்டும் போதுமா? என் ஆடு எங்க?"